உம்மாவின் படங்கள் ஒரே இடத்தில் இருந்தன

மகன், நீ இதை வாசிக்கும் வயதுக்கு வரும்போது எனக்கு இதெல்லாம் வேறு மாதிரி ஞாபகம் இருக்கலாம். அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யட்டவத்தப் பக்கத்து வீடுகளில் மிளகும் கராம்பும் வாங்கி, மாத்தளை டவுனுக்குக் கொண்டுவந்து கொடுப்பது என் தொழில். எழுத்தில் பிழை இருந்தால் உன் ராத்தா, என் மூத்த மகள், திருத்துவாள். அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உன் உம்மா மவுத்தாகி நம்மை விட்டுப் போனபோது உனக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. ராத்தா அப்போது பெரிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு உம்மாவை நன்றாகத் தெரியும். உனக்குத் தெரியாது. இந்தக் கதை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள் அல்லவா, அப்போது ராத்தாவின் பாடத்துக்காக ஒரு பழைய கம்பியூட்டர் வாங்கினோம். அலுவிகாரையில் நம் வீட்டு ஹோலில், ஜன்னலிலிருந்து தள்ளி, சுவர் மூலையில் அதை வைத்தோம். உம்மா தன் பழைய சாரியொன்றை வெட்டி அதற்கு ஒரு உறை தைத்தாள். ராத்தாவுக்காக வாங்கியதை ராத்தாவைவிட உம்மாதான் நன்றாகப் பழகிக்கொண்டாள். எனக்கு அதில் லைட் எரிகிறதா இல்லையா என்பதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் அவள் அதன் முன்னால் உட்காருவாள். போனில் அந்தக் கிழமை முழுவதும் எடுத்த படங்களையெல்லாம் வயர் போட்டு கம்பியூட்டருக்குள் இறக்குவாள். ஒவ்வொன்றாகத் திறந்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு போனில் இருப்பதை அழித்துவிடுவாள். நான் தொழுதுவிட்டு வரும்போது போன் வெறுமையாக இருக்கும்.

"ஏன் அழிக்கிற? போன்லயும் கிடக்கட்டுமே" என்று ஒருநாள் கேட்டேன்.

"போன் வெளிய போற சாமான். பஸ்ஸில விழும், உடைஞ்சா கடைக்குக் குடுப்பம். எவனோ ஒருத்தன் தொறந்து பாப்பான். இது வீட்ட விட்டுப் போகாது தானே."

அந்த போன் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கும். படங்களை இன்டர்நெட்டில் பாதுகாத்து வைக்கட்டுமா என்று. உம்மா ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று அழுத்துவாள்.

"மேல எங்கயோ வைக்கிறாங்களாம். மேல எங்க? யார்ட வீட்டுல?" என்பாள்.

"எல்லாரும் வைக்கிறாங்க தானே?"

"எல்லாரும் பொஞ்சாதிட படத்தக் கடை வாசல்ல தொங்க விட்டா நீங்களும் விடுவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் படங்களில் கூடாதது எதுவும் இல்லை. வீட்டுக்குள் இருக்கும்போது தலையில் முந்தானை போடாமல் இருப்பாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, பாயில் உன்னைப் போட்டு விளையாட்டுக் காட்டிக்கொண்டு, குசினி அடுப்புப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பாள். ராத்தா அவளுக்குத் தெரியாமல் போய் எடுத்துவிடுவாள். அவை நமக்கு மட்டும் உரிய படங்கள். அவ்வளவுதான்.

நம்மிடம் உம்மாவின் வேறு படம் ஏதும் இருக்கவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் நிக்காஹ்வில் படம் பிடிக்க உன் உம்மாவின் வாப்பா சம்மதிக்கவில்லை. பாஸ்போர்ட் எடுக்கவில்லை. அடையாள அட்டையில் ஒரு படம் இருந்தது, முகம் தெரிந்தும் தெரியாமலும். மரணப் பதிவுக்குப் போனபோது அந்த அட்டையையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன். ஒப்படைக்கத்தான் வேண்டும், அதுதான் முறை.

அவளுக்கு வந்த நோயைப் பற்றி இங்கே எழுத மனம் வரவில்லை. கண்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஒரு வருடம் அலைந்தோம். கடைசிக் காலத்தில், பேச முடிந்த ஒருநாள், தன் தங்கச்சியை, அதாவது உன் சாச்சியைக் கூப்பிட்டு ஒன்று சொன்னாளாம். "என்ட படம் ஒண்டும் அந்நிய ஆம்பிளைகள்ட கையில இருக்கக் கூடாது. மறக்காம சொல்லிருங்க."

எங்கள் ஆட்களிடம் இது வழக்கம்தான். ஒரு பெண் மவுத்தானால், அவளுடைய படம் யாரிடம் இருந்தாலும் அழித்துவிடுங்கள் என்று குடும்பத்தாருக்குச் சொல்லி அனுப்புவோம். அவளுக்குச் செய்யும் கடைசி மரியாதைகளில் அதுவும் ஒன்று. ஜனாஸா அடக்கி முடிந்து வீட்டுக்கு வந்ததும், குடும்பத்தார் எல்லாரும் இருக்கும் வட்ஸ்அப் குரூப்பில் நானே அந்தச் செய்தியைப் போட்டேன். ராத்தா எழுதித் தந்தாள், நான் அனுப்பினேன். பதில்கள் வந்தபடி இருந்தன. அழித்துவிட்டோம், அழித்துவிட்டோம், அல்லாஹ் அவவைப் பொருந்திக்கொள்ளட்டும் என்று. பெருநாளில் கூடி நின்று எடுத்தவை, கல்யாண வீடுகளில் எடுத்தவை, நீ பிறந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எடுத்தவை, எல்லாம் போயின.

உக்குவளையிலிருந்து சாச்சி வந்து தன் போனை என் முன்னால் நீட்டினாள்.

"மச்சான், நீங்களே பாருங்க. ஒண்டும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டுப் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள்.

அதைச் செய்தது தப்பு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. அவள் கேட்டதைச் செய்தோம். அதோடு, எல்லாம்தான் வீட்டில் இருக்கிறதே என்ற தைரியமும் இருந்தது.

பிறகு இரண்டு வருடம் அந்த உறையை நான் கழற்றவே இல்லை. ராத்தா தன் பாடத்துக்கு எப்போதாவது திறப்பாள். படங்கள் இருக்கும் பக்கம் அவளும் போகவில்லை போலிருக்கிறது. நானும் கேட்கவில்லை. உன்னிடமும் காட்டவில்லை. காட்டினால் உம்மா வேண்டும் என்று அழுவாய், அழாத பிள்ளையை ஏன் அழ வைக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஒருநாள் ரத்தோட்டையில் ஒரு மவுத்து வீட்டுக்குப் போய்விட்டு நீயும் நானும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்ததால் பஸ் ஷட்டர்களையெல்லாம் இழுத்து விட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பொம்பளை உனக்கு பிஸ்கட் கொடுத்தாள். நீ அவளுடைய முகத்தையே பார்த்தபடி பிஸ்கட்டைத் தின்றாய். பிறகு என் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டாய்.

"வாப்பா, எங்கட உம்மாவும் இவங்கள மாதிரியா இருப்பாங்க?"

அந்தப் பொம்பளை சிரித்தாள். பிறகு விளங்கியிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மாதிரி இல்லை என்று மட்டும் சொன்னேன். "அப்ப யார மாதிரி?" என்றாய். நான் உன் வாயில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ராத்தாவைக் கூப்பிட்டு, தம்பிக்கு உம்மாவின் படத்தைக் காட்டு என்றேன். அவள் உறையைக் கழற்றி சுவிட்சைப் போட்டாள். உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. சுவர்ப் பல்லி கத்துகிற மாதிரி. கறுத்த திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. ராத்தா நிறுத்திவிட்டு மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதே சத்தம். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் இது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"போட்டோ எல்லாம் இதுக்குள்ள மட்டும்தானே மகள்?"

"இதுக்குள்ள மட்டும்தான் வாப்பா."

டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஒரு கடை இருக்கிறது. கம்பியூட்டரும் போனும் திருத்துவார்கள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவத் தமிழர் ஒருவரும் அவருடைய மனைவியும் நடத்துகிறார்கள். அவர் உள்ளே திருத்துவார், மனைவி முன்னால் இருந்து போன் உறையும் சார்ஜரும் விற்பார். நானும் ராத்தாவும் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தோம். அவர் கழற்றி, படங்களெல்லாம் சேர்ந்து கிடக்கிற தட்டையான ஒரு பெட்டியை உள்ளேயிருந்து எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார்.

"இதுக்கு மூச்சு இழுக்குது நானா" என்று, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் ஓடும். ஓடுற நேரத்துக்குள்ள உள்ள இருக்கிறத வேற ஒண்டுக்கு மாத்தணும். எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது. வேற காப்பி எதுவும் வைக்கலையா?"

"இல்ல."

"ஆருக்கிட்டயும் இல்லையா? சொந்தக்காரங்க போன்ல?"

"எல்லாரும் அழிச்சிட்டாங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "சரி, மாத்திப் பார்ப்போம். படம் சரியா வந்திருக்கான்னு ஒவ்வொண்ணா தொறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார்.

நான் பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டேன்.

"தொறக்கக் கூடாது."

"தொறக்காம எப்படி நானா? சட்டிய மூடி வச்சுக்கிட்டே கறிக்கு உப்பு பார்க்கச் சொல்றீங்களே!"

"மவுத்தான என்ட வீட்டுக்காரிட படம். ஆம்பிளைகள் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். முன்னால் இருந்த மனைவியும் திரும்பிப் பார்த்தார். நான் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் குடும்பத்தில் பேச்சு நடந்தது. என் மூத்த சகோதரி, உன் மாமி, "விட்டுருங்க. போனது போகட்டும். அவ கேட்ட மாதிரியே அல்லாஹ் முடிச்சுட்டான்" என்றாள். உம்மா சொன்ன வார்த்தையைக் காதால் கேட்டவள் சாச்சிதான், அதனால் அவள் வாயைத் திறந்தால் அதுதான் முடிவு என்று எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ராத்தாதான் பேசினாள். அவள் பெரியவர்கள் முன்னால் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

"ஆம்பிளைகள் பாக்கக் கூடாதுன்னுதான் உம்மா சொன்னாங்க. தம்பி பாக்கக் கூடாதுன்னு சொல்லல. எனக்கே இப்ப உம்மாட முகம் சில நாள் ஞாபகத்துக்கு வருதில்ல, மாமி. கண்ண மூடினா முந்தானை வருது, நடை வருது, முகம் வருதில்ல."

சாச்சி எழுந்து போய் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "கொண்டுபோங்க மச்சான்" என்றாள் என்னிடம். "ஆனா மகளும் கூட உட்காரட்டும்."

மறுநாள் போனோம். கடைக்காரர் அதற்குள் தானாகவே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். கம்பியூட்டர் படங்களைச் சின்னச் சின்னதாகக் காட்டுகிற வேலையை நிறுத்திவிடுவாராம். அப்போது மாற்றும்போது பெயரும் இலக்கமும்தான் திரையில் ஓடும், படம் தெரியாது. மாற்றி முடிந்ததும் அவர் வெளியே வந்துவிடுவார். அவருடைய மனைவியும் ராத்தாவும் உள்ளே இருந்து திறந்து பார்ப்பார்கள்.

"அவளுக்கு ஸ்க்ரூவக் கழட்டத் தெரியாது நானா, ஆனா படம் தொறக்கத் தெரியும்" என்றார்.

"நீங்க ஸ்க்ரூ கழட்டாததுதான் நம்ம வீட்டுல ஒழுங்கா ஓடுது" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

மாற்றுவதற்கே பகல் முழுவதும் போயிற்று. நடுவில் இரண்டு மூன்று தடவை அந்தப் பெட்டி நின்றுவிட்டது. அவர் அதைச் சூடு ஆறவைத்து, விசிறி காட்டி, மறுபடியும் ஓடவிட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, முடிந்தவரை முடிந்துவிட்டது என்று சொல்லி வெளியே வந்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டு ராத்தாவும் அந்த அம்மாவும் உள்ளே உட்கார்ந்தார்கள். நாங்கள் இருவரும் எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனோம்.

"வேலை முடிஞ்சதும் என் மிஷின்ல இருக்கிறத அழிச்சிருவேன். அழிச்சா மட்டும் போதாது நானா. பேரத்தான் அழிக்கும், உள்ள இருக்கிறது அப்படியே கிடக்கும். அதுக்கு மேல வேற எதையாவது போட்டு நிரப்பணும். எங்க கோயில் திருவிழா வீடியோ மூணு வருஷத்தது இருக்கு, அதப் போட்டு நிரப்பிர்றேன். அதுக்கு அடியில போனது திரும்பி வராது" என்றார்.

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"அப்ப போன்ல அழிச்சதும் உள்ள கிடக்குமா? எங்கட ஆட்கள் அழிச்சாங்களே, அது?"

"எப்ப அழிச்சாங்க?"

"ரெண்டு வருஷம்."

அவர் கரண்டியால் சும்மா கலக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷத்துல அதுக்கு மேல எவ்வளவோ விழுந்திருக்கும் நானா. இல்ல" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் வந்த ஆசையும் அது போன வேகமும் இன்னும் மறக்கவில்லை.

ராத்தா வெளியே வந்தபோது மஃரிப் தொழுகைக்கு அதிக நேரம் இருக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

"கொஞ்சம் இருக்கு வாப்பா" என்றாள்.

பாதிக்கு மேல் திறக்கவில்லை. திறந்தவற்றில் உன் படம், ராத்தாவின் படம், என் படம். முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயப்போட்ட படம். பேசினுக்குள் நீ உட்கார்ந்து குளிக்கிற படம். வட்டிலப்பம் நன்றாக வந்துவிட்டது என்று ஒரு படம். உம்மா இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அநேகமாகப் படம் எடுத்ததெல்லாம் அவள்தானே. எடுக்கிறவள் எப்படிப் படத்தில் வருவாள்? ஓரத்தில் ஒரு கை வரும், சீமெந்துத் தரையில் ஒரு நிழல் விழும். ராத்தா அவளை எடுத்த படங்கள் ஒரு தனி இடத்தில் இருந்தன. அந்த இடத்தில்தான் பெட்டி அதிகமாகப் பழுதாகியிருந்ததாம்.

அதில் ஒன்று மட்டும் பாதி வந்திருக்கிறது. மேலே முடி, நெற்றி, இரண்டு கண். அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம்.

"கண்ணு இருக்கு வாப்பா. கண்ணு நல்லா இருக்கு" என்று ராத்தா திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தக் கடைக்கார அம்மா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

சாச்சி வந்து அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "பாத்தீங்களா மச்சான், கேட்ட மாதிரியே முகத்த மூடிக்கிட்டா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இப்போது எல்லாம் இரண்டு சின்னப் பெட்டிகளில் இருக்கின்றன. ஒன்று நம் வீட்டு அலுமாரியில். மற்றது உக்குவளையில் சாச்சியின் அலுமாரியில், ஏனென்றால் ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் ஒன்று இருப்பது மாதிரித்தான் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டுக்கும் பூட்டு உண்டு. கையில் கிடைத்தவன் வயரைப் போட்டால் கடவுச்சொல் கேட்கும். அந்தச் சொல்லை ராத்தாவும் சாச்சியும் நானும் மனதில் வைத்திருக்கிறோம். உனக்கும் வயது வந்ததும் சொல்வோம். மறைத்து வைக்கிற சாமானை ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று உம்மா நினைத்தாள், நாங்களும் நினைத்தோம். அப்படி இல்லை மகன். மறைத்தும் வைக்கலாம், இரண்டு இடத்திலும் வைக்கலாம். இதை அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. நீ உன் வீட்டில் இதைச் செய். வைத்தால் மட்டும் போதாது, இடைக்கிடை திறந்தும் பார். எனக்குத் தொழில் மிளகு. மூட்டையைக் கட்டி வைத்துவிட்டால் சரியென்று இருக்க முடியாது, அவ்வப்போது அவிழ்த்துப் பூஞ்சணம் பார்க்க வேண்டும். இதுவும் அப்படித்தான்.

படங்கள் தவிர, வீடியோ ஒன்றும் தப்பி வந்திருந்தது. சின்னது. நீ அப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறாய். முற்றத்தில் கோழிக்குப் பின்னால் தள்ளாடித் தள்ளாடிப் போகிறாய். எடுக்கிறவள் பின்னால் இருந்து பேசுகிறாள். "மெதுவா, மெதுவா. கோழியப் புடிக்கப் போறாரா? புடிங்க பாப்பம். ஐயோ, ஓடிட்டே!" பிறகு ஒரு சிரிப்பு.

ஒரு பின்னேரம் சாச்சியும் இருக்கும்போது அதை உனக்குப் போட்டுக் காட்டினோம். அந்தக் குரலைக் கேட்டதும் நீ என்ன செய்வாயோ என்று நாங்கள் மூவரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீ கோழியைப் பார்த்துச் சிரித்தாய். பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பினாய்.

"ராத்தா, நீங்க எப்ப இத எடுத்தீங்க?"

ராத்தாவின் குரல் எப்போது உம்மாவின் குரலாக மாறியது என்று அந்த நிமிஷம் வரை எனக்கும் தெரியாது. இரண்டு வருடமாக உன்னைக் குளிக்க வார்த்து, சோறு ஊட்டி, அதட்டி, உறங்க வைத்தவள் அவள்தான். உனக்கு அந்தக் குரல் அவளுடையதுதான்.

"அது நான் இல்ல தம்பி" என்றாள். "அதுதான் உம்மா."

நீ நம்பவில்லை. மறுபடியும் போடச் சொன்னாய். அவள் போட்டாள். இந்தத் தடவை நீ கோழியைப் பார்க்கவில்லை, திரையையே பார்க்கவில்லை. ராத்தாவின் முன்னால் முழங்காலில் நின்று அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள், கண்ணிலிருந்து வடிந்ததைக்கூடத் துடைக்காமல். குரல் பேசிக்கொண்டே இருந்தது.